ஆறு பேனாப் புள்ளிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அண்ணன் நேற்று வீடு திரும்பிவிட்டார். அவருக்கு மாரடைப்பு வந்த அந்த இரவைப் பற்றி நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆம்புலன்ஸை வரவழைத்தவர்கள், பணம் புரட்டித் தந்தவர்கள், பிள்ளைகளைத் தங்களோடு வைத்துக்கொண்டவர்கள், இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்றாலும் இம்மடலின் பெரும்பகுதி இரவுப் பணியில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் சோதனை) எடுத்த அந்தச் சகோதரிக்கே உரியது.

முதல் ஈ.சி.ஜி. முடிந்ததும், மார்பிலிருந்த லீடுகளை, அதாவது அந்த மின்துடிப்பை வாங்கும் முனைகளை, ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, அவை இருந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். மார்பெலும்பின் இருபுறமும் நான்காம் விலா இடைவெளியில் இரண்டு, அங்கிருந்து இடது அக்குள் பக்கமாக நான்கு. நான் விழிப்பதைக் கண்டு, "அடுத்ததையும் இதே இடத்தில் எடுத்தால்தான் டாக்டர் சார் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதன் அருமை பிறகுதான் விளங்கியது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தியபின், 60 முதல் 90 நிமிடங்களுக்குள் மீண்டும் ஈ.சி.ஜி. எடுத்து, முதல் தாளில் மேலெழும்பி நின்ற, எஸ்.டி. எனப்படும் கோட்டுப் பகுதி பாதியளவாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இறங்கியிருந்தால், அடைபட்ட குழாய் திறந்து இதயத்தசைக்கு இரத்தம் பாயத் தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இல்லையெனில் தாமதியாமல், அடைபட்ட குழாயைப் பலூன் கொண்டு திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியவர்கள், 30 விழுக்காடுகூட இறங்காதவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மையாம். இவ்வளவு பெரிய முடிவை எடுப்பது 1 மில்லிமீட்டர் அளவேயுள்ள சிறு கட்டங்களை எண்ணித்தான். லீடு ஒரு விலா இடைவெளி மேலே ஏறிவிட்டாலே கோட்டின் வடிவம் மாறிவிடக்கூடும். அப்புறம் இறங்கியது எஸ்.டி.யா, நகர்ந்தது லீடா என்று யார் சொல்வது?

இரண்டாவது ஈ.சி.ஜி. அதே புள்ளிகளின் மேல் எடுக்கப்பட்டது. பணி மருத்துவர் இரு தாள்களையும் கட்டில் விளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மார்பின் மூன்றாம் லீடைக் குறிக்கும் வி3 என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை ஊன்றினார். முதல் தாளில் நான்கு கட்டம் ஏறி நின்ற கோடு, இரண்டாவதில் ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது. அவர் அதற்காக அளவுக்கு மீறி நம்பிக்கையூட்டவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். பாதிப்பு இதயத்தின் முன்சுவரில் என்பதாலும், தசை சேதமுற்றிருக்கலாம் என்று காட்டும் க்யூ அலைகள் கோட்டில் தோன்றத் தொடங்கியிருந்ததாலும், தசை எவ்வளவு பிழைத்தது என்பதை எக்கோ (இதயத்தின் ஒலி அலை ஸ்கேன்) பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார், ஈ.சி.ஜி. ஒன்றும் ஜாதகம் அல்லவே.

மாரடைப்பு உண்டா இல்லையா என்று சொல்வதோடு ஈ.சி.ஜி.யின் வேலை தீர்ந்தது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இக்கோடுகளைக் கணினியே படித்து நோயாளியின் ஆபத்தைக் கணிக்கும் முயற்சிகள் இப்போது பெருகிவருகின்றன. அந்தக் கணினியும் லீடுகள் உரிய இடத்தில் இருக்கின்றன என்று நம்பித்தான் படிக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவரின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சகோதரி, வெப்ப அச்சுத் தாள் நாளடைவில் மங்கிவிடும், நகல் எடுத்துவையுங்கள் என்று நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டோம். வீடு திரும்பும் நாளில் எடுத்த ஈ.சி.ஜி.யின் நகல் அண்ணனின் பணப்பையில் ஒன்றும் அண்ணியிடம் ஒன்றும் இருக்கின்றன. இனி எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், புதிய தாளோடு ஒப்பிட அதைத்தான் முதலில் நீட்டுவோம்.

நன்றியுடன்,
அவருடைய தம்பி