கூலிங் இல்லைன்னதும் கேஸ் போடாதீங்க, முதல்ல கசிவைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்ல ஏசி கூலிங் குறைஞ்சா எல்லாரும் சொல்ற ஒரே பதில் "கேஸ் கம்மியாயிருக்கும், போட்டுக்கோங்க". அதை நம்பி நான் ரெண்டு வருஷத்துல மூணு தடவை கேஸ் போட்டேன், கடையில ரெண்டு தடவை, சின்ன கேன் வாங்கி வீட்லயே ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஜில்லுனு இருக்கும், அப்புறம் மறுபடியும் வெறும் காத்துதான். லீக் எங்கன்னு கடையிலயும் பாக்கல, நானும் பாக்கல.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சமாச்சாரம் இல்லைங்க, மூடின குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. கம்ப்ரஸர் அமுக்கி அனுப்புது, முன்னாடி இருக்கிற கண்டென்ஸர்ல சூட்டை வெளிய விட்டு திரவமாகுது, எக்ஸ்பான்ஷன் வால்வ்ங்கிற குறுகலான வழியைத் தாண்டி கூலிங் காயில்ல ஆவியாகும்போது உள்ள இருக்கிற காத்தோட சூட்டை இழுத்துக்குது, திரும்ப கம்ப்ரஸருக்கே போகுது. வயசான வண்டியில ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும், அது வேற விஷயம். ஒரு மாசத்துல காலியாச்சுன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னுதான் அர்த்தம்.

அதனால கேனைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து வெச்சு பத்து நிமிஷம் பாருங்க. ஏசி சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் டக்குனு பிடிக்குதா, கண்டென்ஸர் ஃபேன் சுத்துதா, கண்டென்ஸர் இடுக்கெல்லாம் மண்ணும் பூச்சியும் அடைச்சிருக்கா, கேபின் ஃபில்டர் எப்ப மாத்தினது. வண்டி ஓடும்போது ஜில்லுனு இருந்து சிக்னல்ல நின்னதும் சூடாகுதுன்னா பெரும்பாலும் ஃபேன் பிரச்சினை, ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸைத்தான் பாக்கணும், அதுக்குப் போய் கேஸ் ஏத்தினா பிரஷர் எகிறி இருக்கிற கூலிங்கும் போயிடும்.

பிரஷர் கேஜ் வாங்கினவங்க பலபேர் ஒரு இடத்துல ஏமாந்துடறாங்க. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கேஜ் காட்டறது கேஸோட அளவை இல்லை, அதோட வெப்பநிலையைத்தான். பல கார்கள்ல இருக்கிற ஆர்-134ஏ கேஸ்னா 25 டிகிரியில சுமார் 82 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கிற அலகு), 35 டிகிரியில சுமார் 114 காட்டும், உள்ள கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும் பாதி இருந்தாலும் முழுசா இருந்தாலும் அதே நம்பர்தான். ஏசியை ஃபுல்லா ஓட விட்டு லோ சைடு (கம்ப்ரஸருக்குத் திரும்பி வர்ற பக்கம்), ஹை சைடு (கம்ப்ரஸர் அமுக்கி அனுப்புற பக்கம்) ரெண்டையும் சேர்த்துப் பாத்தாதான் கதை புரியும்: ரெண்டுமே கம்மின்னா கேஸ் கம்மி, ரெண்டுமே அதிகம்னா கேஸ் அதிகம், அல்லது கண்டென்ஸர் சூட்டை விடல, லோ ஏறி ஹை இறங்கியிருந்தா கம்ப்ரஸர் தேஞ்சிருக்கு. கேன்ல வர்ற ஒத்தைக் கேஜ் லோ சைடை மட்டும்தான் காட்டும், அதை வெச்சு முடிவுக்கு வரவே கூடாது.

என் வண்டியில கடைசியா கசிவு எங்க கிடைச்சதுன்னு சொல்றேன். கேஸுக்குள்ளயே கம்ப்ரஸர் ஆயிலும் கலந்து ஓடுறதால கேஸ் வெளியேற இடத்துல ஆயிலும் வரும், அதுல தூசி ஒட்டும். டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்துக்கிட்டே வந்தா, லோ சைடு சர்வீஸ் போர்ட்ல, அதாவது கேஸ் ஏத்துற வாயில, பிளாஸ்டிக் மூடியே இல்லை, அதைச் சுத்தி கறுப்பா ஈரப்பிசுக்கா ஒரு வளையம். சோப்புத் தண்ணியை ஒரு சொட்டு விட்டேன். நடுவுல இருக்கிற வால்வு பின் மேல ஒரு குமிழி மெதுவா கிளம்பி கடுகு அளவு ஆகி உடைஞ்சது, அடுத்தது கிளம்புச்சு. மூணு தடவை நாங்க கேஸ் ஏத்தினதும் இதே ஓட்டை வழியாதான்!

அந்தப் பின் பாக்க டயர் வால்வு மாதிரியே இருக்கும், ஆனா டயரோடதைப் போடக் கூடாது, ரப்பர் வேற. கேஸ் உள்ள இருக்கும்போது கழட்டவும் கூடாது. மெஷின் வெச்சிருக்கிற கடையில மிச்ச கேஸை எடுத்துட்டு, பின்னையும் ஓரிங்கையும் மாத்தி, அரைமணி நேரம் வேக்யூம் போட்டு (உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்து) அது இறங்காம நிக்குதான்னு பாத்து, பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்ட கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏத்தினாங்க. ரெண்டு வெயில் காலம் தாண்டிருச்சு, இன்னும் ஜில்லுனுதான் இருக்கு.

வீட்ல செய்யறவங்க தயவுசெஞ்சு கவனிங்க. கேனை ஹை சைடுல மாட்டவே மாட்டாதீங்க, வெடிக்கும். கேனைத் தலைகீழா பிடிச்சா திரவமா போய் கம்ப்ரஸர் உடையும். இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியிலயே கொதிக்கிறது, கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, அதனால கண்ணாடியும் கிளவுஸும் இல்லாம தொடாதீங்க. லீக் அடைக்கிற மருந்து கலந்த கேன் வேண்டாம், எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைச்சிடும். ரொம்பப் பழைய வண்டின்னா ஆர்-12 கேஸா இருக்கலாம், அதுக்கு ஆயிலே வேற, அது மேல 134ஏ ஏத்தக் கூடாது. பழைய கேஸை சும்மா காத்துல திறந்து விடறதை நினைச்சாலே எனக்கு வேதனையா இருக்கு, ஏன்னா 134ஏ கார்பன் டை ஆக்சைடை விட 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும், அரைக் கிலோ விட்டா சுமார் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம்.

ஒரு வேண்டுகோள். வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க வாகனப் பக்கத்துல, எத்தனை டிகிரிக்கு எவ்வளவு பிரஷர் இருக்கணும்னு ஒரு சின்ன அட்டவணை போடுங்க. கத்தரிச்சு எடுத்து கேஜ் டப்பாவுக்குள்ள வெச்சுக்கிற அளவுல இருந்தா போதும்.

இப்படிக்கு,
பழைய கார் வெச்சிருக்கும் ஒரு வாசகர்