விஜயாவுக்கு, நிக்கல் பற்றி

பெர்த்,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள விஜயா,

உன் கடிதத்தை இரவுப் பணி முடிந்து வந்து, அடுக்களையில் நின்றபடியே படித்து முடித்தேன். அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது. பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? மொட்டைத் தலையோடு எடுத்த படம் ஒன்று அனுப்பு. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. இவருக்கு முதுகுவலி பரவாயில்லை. மகள் மெல்போர்னில் வேலையில் சேர்ந்துவிட்டாள், தினமும் போன் பேசுகிறாள்.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். அண்ணன் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை பேட்டரிக்கான உலோகம் தோண்டும் ஒரு கம்பெனியின் பங்கில் போடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், சுரங்க ஊரில் இருக்கும் மல்லிகாவுக்குத் தெரியும், அவளைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று எழுதியிருக்கிறாய். தெரியும் விஜயா. எனக்கு நடந்ததை உனக்கு நான் எழுதவே இல்லை. எழுதினால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதாமல் இருந்தால்தான் தப்பு.

2021 ஜூலையில் இங்குள்ள ஒரு சின்ன நிக்கல் சுரங்கக் கம்பெனியில் 10,000 பங்குகள் வாங்கினேன். பங்கு ஒன்று 46 சென்ட். கம்பெனி பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அந்தச் சமயத்தில் பெர்த்தில் எங்கே போனாலும் இதே பேச்சு. மின்சாரக் கார் வரப்போகிறது, அதன் பேட்டரிக்கு நிக்கல் வேண்டும், நல்ல நிக்கல் நம் மண்ணில்தான் இருக்கிறது என்று. இவரும் கல்கூர்லி பக்கம் ஒரு நிக்கல் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். நிக்கல்தான் வீட்டு வாடகை, நிக்கல்தான் மகளின் காலேஜ் பணம். நமக்குச் சோறு போடுகிற உலோகம்தானே என்கிற நம்பிக்கை எனக்கு. அதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். சம்பளமும் சேமிப்பும் ஒரே உலோகத்தை நம்பி நிற்கலாமா என்று அன்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

படிக்காமல் வாங்கினேன் என்று நினைக்காதே. கம்பெனி போட்ட காலாண்டு அறிக்கை எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தேன். பூமிக்கடியில் எத்தனை டன் தாது, அதில் எத்தனை சதவீதம் நிக்கல், தோண்ட எவ்வளவு செலவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் அதில் பொய் சொல்லவில்லை, தாது இருந்தது. அந்த நவம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசல் மேசையில் நீளமான தட்டுகளில், பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நெடுக்காக இரண்டாக அறுத்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன், சாண் நீளம்கூட இல்லை, அம்மிக் குழவியைத் தூக்கினதுபோல் கை தாழ்ந்தது. அறுத்த முகத்தில் தேய்த்து வைத்த பித்தளை மாதிரி ஒரு மஞ்சள் மினுமினுப்பு. அதைத் தொட்ட பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு கனமான ஒன்று எப்படி மதிப்பில்லாமல் போகும்?

2022 மார்ச்சில் நடந்தது உனக்கும் நினைவிருக்கும். எவர்சில்வர் விலை எகிறிவிட்டது, கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கமுடியவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தச் சமயம்தான். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாளில், மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் 1,00,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. பிப்ரவரியில் 25,000 டாலருக்குப் பக்கத்தில் இருந்த பொருள். விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த சீனத்துப் பெரிய கம்பெனி ஒன்று மாட்டிக்கொண்டது. சந்தைக்காரர்கள் அன்று காலை நடந்த வியாபாரத்தையெல்லாம் ரத்து செய்துவிட்டு, ஒரு வாரத்துக்கு நிக்கல் வியாபாரத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் பங்கும் கூடவே ஏறியது. விற்றிருந்தால் போட்டதைப்போல் இரண்டு மடங்கு வந்திருக்கும். நான் ஏப்ரலில் 88 சென்டுக்கு இன்னும் 5,000 பங்குகள் வாங்கினேன்.

அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். சேலம் உருக்காலையில் இத்தனை வருஷம் ஸ்டெயின்லெஸ் தகட்டோடு வாழ்ந்தவர். நிக்கல் ஏறினால் பாத்திரக்காரர்கள் நிக்கல் குறைந்த தகட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நல்ல எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல். 202 ரகத்தில் அதில் பாதியளவுதான், மீதிக்கு மாங்கனீசு சேர்ப்பார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். உலகத்தில் எடுக்கிற நிக்கலில் பெரும்பகுதி பாத்திரமும் குழாயும் கத்தியுமாகத்தான் போகிறது, பேட்டரிக்குப் போவது சின்னப் பங்கு. விலை ஏறினால் மனிதர்கள் அது இல்லாமல் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற பாடம் நம் அடுக்களை அலமாரியிலேயே இருந்தது விஜயா. பேட்டரியிலும் அதேதான் நடந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் வைத்துச் செய்கிற பேட்டரிக்கு நிக்கலே வேண்டாம், விலையும் குறைவு. சீனத்தில் புதிதாக வரும் மின்சாரக் கார்களில் பாதிக்கு மேல் அதற்கு மாறின. டெஸ்லாவும் தன் சாதாரண ரகக் கார்களை அதற்கு மாற்றுவதாக 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

இந்தோனேசியா விஷயம் அதைவிடப் பெரிது. அங்கே நிக்கல் செம்மண்ணில் கலந்து மேலேயே கிடக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அந்த மண்ணை அப்படியே ஏற்றுமதி செய்யக்கூடாது, உள்ளூரிலேயே உருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சீனப் பணம் வந்து இறங்கியது. சுலவேசித் தீவில் மொரோவாலி, ஹல்மஹேராவில் வேதா பே என்று ஊருக்கு ஊர் உலைகள். அந்த மண்ணிலிருந்து பேட்டரித் தரத்தில் நிக்கல் எடுக்க முடியாது, அதற்கு எங்கள் ஊர்க் கந்தகத் தாதுதான் வேண்டும் என்று எங்கள் கம்பெனி தன் அறிக்கையில் எழுதியிருந்தது. எடுக்க முடியும் என்று சீனத்தின் சிங்ஷான் கம்பெனி 2021 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. நான் வாங்குவதற்கு நான்கு மாதம் முன்னால்! அந்தச் செய்தி வந்த வாரம் உலகச் சந்தையில் நிக்கல் தடாலென்று விழுந்திருக்கிறது. என் நோட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. நான் ஒரு சுரங்கத்தின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், விலையோ கடலுக்கு அப்பால் வேறு தீவில் முடிவாகிக்கொண்டிருந்தது. 2023இல் உலகத்தின் நிக்கலில் பாதி இந்தோனேசியாவிலிருந்து வந்தது.

அதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மண், அவர்கள் பிழைப்பு. ஆனால் அந்த மலிவு விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். நிலக்கரி எரித்து ஓடும் உலைகள், வெட்டிய காடு. 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மொரோவாலியில் உலை வெடித்து 21 தொழிலாளிகள் இறந்தார்கள். அந்த வாரம் இவர் சுரங்கத்தில் இருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு உடனே அவருக்குப் போன் போட்டேன், சும்மா குரல் கேட்க.

இங்கே விலை அந்த வருஷம் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குக் கையில் காசு குறைந்தது. காசு வேண்டும் என்றால் புதுப் பங்குகள் வெளியிடுவார்கள், அதைப் பெரிய நிதி நிறுவனங்களுக்குச் சந்தை விலைக்குக் கீழே கொடுப்பார்கள். அப்புறம் எங்களைப் போன்ற சின்னவர்களுக்கும் அதே விலையில் வாங்கலாம் என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் மரியாதையாக, நம்பிக்கையாக இருக்கும். கைவிடக்கூடாது என்று நினைத்து 25 சென்டில் 20,000 பங்குகள் வாங்கினேன். நான் முதலில் சேர்ந்தபோது மொத்தம் 30 கோடிப் பங்குகள், முடிவில் 90 கோடிக்கு மேல். அதாவது ஒரு பங்கும் விற்காமலே முதலில் வாங்கியதற்கான என் உரிமை மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பெரியவர்களுக்கு இரண்டு நாளில் பேசி முடிக்கும் விஷயம், எங்களுக்கு முடிந்த பிறகு தெரியும். இது சட்டப்படி சரி. எனக்கு இன்றும் ஆறவில்லை.

2024 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பங்கு வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஈமெயில். இரண்டு நாள் என்றார்கள், திறக்கவே இல்லை. நொடித்துப்போன கம்பெனியைக் கையில் எடுத்துக் கணக்கு முடிக்கிற நிர்வாகிகளை நியமித்தார்கள். மிச்சம் இருக்கிற பணம் கடன் கொடுத்த பேங்குக்கு முதலில், தொழிலாளிகளின் சம்பள பாக்கிக்கு அடுத்து, சாமான் கொடுத்தவர்களுக்கு அப்புறம். பங்குதாரர்கள் வரிசையின் கடைசி. கடைசிவரை எதுவும் வரவில்லை. நான் போட்டது மொத்தம் 14,000 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது. இந்த நஷ்டத்தை வருமான வரியில் சம்பளத்திலிருந்து கழிக்கவும் முடியாது, வேறு சொத்தில் லாபம் வந்தால் அதில்தான் கழிக்கலாம்.

எங்கள் ஒரு கம்பெனி மட்டும் இல்லை. 2024இல் கம்பால்டா சுரங்கங்கள் மூடின, ரேவன்ஸ்தோர்ப் மூடியது. ஜூலையில் பெரிய சுரங்கக் கம்பெனியான பி.எச்.பி.யே இங்குள்ள தன் நிக்கல் வேலையை அக்டோபரிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. 2027 பிப்ரவரிக்குள் மறுபடி யோசிப்பார்களாம். மாண்டோகலப் முருகன் கோயிலுக்குப் போகும்போது குவினானா தொழிற்பேட்டைப் பக்கம்தான் போவோம். அங்கேயும் ஒரு நிக்கல் சுத்திகரிப்பு ஆலை. இவருக்கும் அந்த அக்டோபரோடு வேலை போனது. கோயிலில் அன்னதான வரிசையில் நின்ற நாலு பேரில் இரண்டு பேருக்கு அதே கதை. தங்கம் விலை ஏறியதால் தங்கச் சுரங்கங்களில் ஆள் எடுத்தார்கள், இவருக்கு ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. அந்த ஐந்து மாதம் என் சம்பளம் ஒன்றுதான்.

அப்போது முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 80 வயது தாண்டியவர். என் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு பழைய உறையைக் காட்டினார், உள்ளே காகிதப் பங்குப் பத்திரம். 1969இல் வின்டாரா என்ற இடத்தில் போசைடன் கம்பெனி நிக்கல் கண்டுபிடித்ததும், ஒரு டாலர்கூட இல்லாத அதன் பங்கு சில மாதத்தில், 1970 பிப்ரவரியில், 280 டாலருக்குப் போனதாம். வியட்நாம் போர், கனடா சுரங்கத்தில் வேலைநிறுத்தம், உலகத்தில் நிக்கல் பஞ்சம். பக்கத்தில் நிலம் பிடித்து வைத்திருந்த கம்பெனி எல்லாம் ஏறியது. இவர் வாங்கியது அப்படி ஒன்று, அதன் நிலத்தில் நிக்கலே இல்லை. சுரங்கம் தோண்டி முடிப்பதற்குள் நிக்கல் பஞ்சமும் தீர்ந்துவிட்டதாம். அவர் அந்தப் பத்திரத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். போன வருஷக் கடைசியில் இறந்துவிட்டார்.

விஜயா, மாப்பிள்ளை நல்லவர், உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அண்ணனின் ஓய்வுப் பணத்தை அதில் போடாதீர்கள், ஒரு ரூபாய்கூட. அவருக்கு ஆசை இருந்தால் அவர் சம்பாதிக்கிற பணத்தில், போனாலும் வீடு நடக்கும் என்கிற அளவில் வாங்கட்டும். வாங்குவதற்கு முன் அந்தக் கம்பெனி தோண்டுவதை உலகத்தில் யார் இதைவிட மலிவாகத் தோண்டுகிறார்கள், அதற்குப் பதிலாக எதை வைத்துச் சமாளிக்கலாம், காசு தீர்ந்தால் யாரிடம் வாங்குவார்கள் என்று தேடிப் பார்க்கச் சொல். கம்பெனி தரும் காகிதத்தில் இந்த மூன்றும் இருக்காது. என்னிடம் போன் பேசச் சொல்லு, என் நோட்டையே படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன ஆகஸ்டில் நாங்கள் இருவரும் கம்பால்டாவுக்குக் காரில் போய் வந்தோம், இவருக்குப் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. 1966இல் நிக்கல் கிடைத்துப் பிறந்த ஊர். ஊரைத் தாண்டினால் வெள்ளையாக உப்பேரி. நண்பர் வீட்டு வாசலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி எங்களுக்கு டீ போட்டுத் தந்தாள், பெட்டியில் கட்டாமல் வைத்திருந்த கடைசி நான்கு கோப்பைகளில்.

தையில் ஊருக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவின் எவர்சில்வர் தூக்கு உன் வீட்டில்தானே இருக்கிறது? நாம் இரண்டு பேரும் போய் பெயர் வெட்டிக்கொண்டு வந்தோமே. அடியில் வருஷமும் வெட்டச் சொன்னாள் அம்மா. அது எந்த வருஷம் என்று எனக்கு மறந்துபோயிற்று. பார்த்து எழுது.

அன்புடன்,
மல்லிகா