குழலை மாற்றுவதா, புதுத் துவக்கு வாங்குவதா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நவம்பர் மான் வேட்டை முடிந்து, துவக்குகளைத் துடைத்துப் பூட்டி வைக்கும் இந்த நாட்களில், "குழல் தேய்ந்துவிட்டது போலிருக்கிறது, மாற்றித் தருவீர்களா, அல்லது புதிதாக ஒன்றை வாங்கிவிடலாமா?" என்று கேட்டு எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் அதிகம். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்பதால், நாங்கள் எதைப் பார்த்து முடிவு சொல்கிறோம் என்பதை ஒன்ராறியோவில் வேட்டையாடும் எங்கள் தமிழ் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: வேட்டைக்கு மட்டும் பயன்படும் ரைபிளின் குழல் சுட்டுச் சுட்டே தேய்ந்து போவது அபூர்வம். .308 வின்செஸ்டர் போன்ற மிதமான ரவைக்கு வெட்டிய குழல், சூடேற விடாமல் சுட்டால், ஏறக்குறைய 5,000 ரவைகள் வரை நல்ல குறியைக் காக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் போல மருந்து அதிகம் கொண்ட ரவைகளுக்கு அந்த ஆயுள் 1,500, 2,000 என்ற அளவுக்குக் குறையும். ஆண்டுக்கு இரண்டு பெட்டி, அதாவது 40 ரவைகள் சுடுபவர் ஒரு .308 குழலைத் தேய்த்து முடிக்க நூறாண்டுக்கு மேல் ஆகும். எனவே குறி சிதறுகிறது என்றால் குற்றத்தைக் குழலின் மேல் போடுவதற்கு முன்பு மற்றவற்றைப் பார்த்தாக வேண்டும்.

துவக்கில் ரவை இல்லை என்பதை உறுதி செய்து, ரவை அறையைப் பின்புறத்தில் மூடும் போல்ட்டைக் கழற்றி வைத்த பின், கட்டையையும் இரும்பையும் இணைக்கும் திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். மரக்கட்டை ஈரத்தில் ஊதிக் குழலின் ஒரு பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் குறி விலகும். அடுத்தது செம்பு. சன்னத்தின் மேலுறை குழலுக்குள் படிந்திருந்தால், அமோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி நீலமாக வெளியே வரும்; அந்த நீலம் மறையும் வரை துடைத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் ரவையையும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். பிறகு குழல் வாய். காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்றை வாயின் உள்விளிம்பில் மெல்லச் சுற்றினால், கண்ணுக்குத் தெரியாத நெளிவோ கீறலோ உள்ள இடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொள்ளும். சன்னம் குழலை விட்டுப் பிரியும் கடைசிக் கணத்தில் வாயு ஒரு பக்கமாகக் கசிந்தால் அது நேராகப் போகாது. வாயை மட்டும் லேத்தில் மீண்டும் வெட்டித் தருவது சிறிய வேலை. செலவும் புதுக் குழலுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். குழல் மாற்றக் கொண்டுவந்த துவக்கு இந்த ஒரு வேலையோடு திரும்பிப் போவதில் எங்களுக்கு வருமானம் குறைவு, ஆனாலும் அதையே விரும்புகிறோம்.

உண்மையிலேயே தேய்ந்த குழல் வேறு விதமாக இருக்கும். ரவை அறைக்குச் சற்று முன்னால், சன்னத்தைச் சுழலவைக்கும் உட்சுரிகள் தொடங்கும் இடத்தைத்தான் மருந்தின் சூட்டு வாயு முதலில் அரிக்கிறது. குழலுக்குள் விடும் சிறு கமராவில் பார்த்தால், கோடையில் வற்றிய குளத்துச் சேறு போல உருக்கு வெடித்துக் கிடப்பதும், சுரிகளின் தொடக்கம் மழுங்கியிருப்பதும் தெரியும். துருவால் விழுந்த குழிகளும் அதில் தெரியும். வேட்டைத் துவக்குகளைக் கெடுப்பதில் சூட்டைவிட ஈரத்துக்கே பங்கு அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

இந்த நிலைக்கு வந்த பிறகுதான் செலவுக் கணக்கு. தரமான குழல், ரவை அறை வெட்டுவது, ஹெட்ஸ்பேஸ் எனப்படும், போல்ட்டுக்கும் அறையில் அமரும் ரவைக்கும் இடையிலான இடைவெளியைக் 'கோ', 'நோ-கோ' அளவிகளால் சரிபார்ப்பது, மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து 1,000 டொலரைத் தாண்டுவது வழக்கம். அதன்மேல் 13 வீத எச்எஸ்ரி வரியும் உண்டு. அதே தொகையை ஒட்டிய விலையில், பின்லாந்தில் தயாராகும் ரிக்கா ரி3எக்ஸ் வகை ரைபிளொன்று புதிதாகவே கிடைக்கும். சாவேஜ் அக்ஸிஸ் அதைவிடக் குறைவு. ஆகவே தொடக்கத்திலேயே மலிவாக வாங்கிய துவக்குக்குப் புதுக் குழல் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: சாவேஜ் 110 வகையில் குழலை ஒரு பெரிய மரை இறுக்கிப் பிடித்திருப்பதால், முன்பே அறை வெட்டிய குழலைக் குறைந்த கூலியில் பொருத்திவிட முடியும்.

பலரிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் என்ற பழைய இராணுவத் துவக்கு. ரொறன்ரோவுக்கு மேற்கே லோங் பிராஞ்சில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்யப்பட்ட நம்பர் 4 துவக்குகள் கட்டை குறைக்கப்பட்டு, வேட்டைக்காக மலிவாக விற்கப்பட்டவை. அவற்றில் ஹெட்ஸ்பேஸ் கூடியிருந்தால், இலக்கமிட்ட போல்ட் தலையை மாற்றியே பெரும்பாலும் சரிசெய்யலாம். சுட்ட கோதின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், மேலும் சுடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். குழலே போய்விட்டது என்றால், அதற்குரிய .303 பிரிட்டிஷ் குழல் தேடுவதும் பொருத்துவதும் துவக்கின் விலையைவிட அதிகமாகும். கனடிய இராணுவத்தின் ஒரு பிரிவான ரேஞ்சர்களே லீ-என்ஃபீல்டைக் கைவிட்டு, ரிக்காவை அடிப்படையாகக் கொண்ட சி19 ரைபிளுக்கு மாறிவிட்டார்கள். தந்தையிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ வந்தது என்ற பற்றுதல் இருந்தால் அது வேறு விடயம்; அதற்கு நாங்கள் விலை சொல்ல முடியாது.

மாறாக, நல்ல மவுசர் 98, 1964க்கு முந்திய வின்செஸ்டர் மொடல் 70, ரெமிங்டன் 700 போன்றவற்றில் குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலான ரிசீவரும் போல்ட்டும் சீராக இருந்தால், தயங்காமல் குழலை மாற்றுங்கள். அதே தரத்தில் புதிதாக வாங்க இரு மடங்கு செலவாகலாம். அப்போது ரவையையும் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. .308க்குச் செய்த ரிசீவரிலும் போல்ட்டிலும் .243, 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர் மூன்றும் பொருந்தும், ஏனெனில் இவற்றின் அடி விட்டம் ஒன்றே. மேக்னம் ரவைக்குப் போக வேண்டுமானால் போல்ட் முகத்தையே மாற்ற நேரும். அதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மானுக்கு ரைபிள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், நீங்கள் வேட்டையாடும் பகுதியின் விதியையும் பார்த்துவிட்டு ரவையைத் தெரிவு செய்யுங்கள்.

சட்டப்படி ரிசீவரே துவக்கு. ஆகவே குழல் மாறினாலும் அது உங்கள் பழைய துவக்காகவே இருக்கும். புதிதாக வாங்குவதாயின், 2022 மே 18 முதல் நடைமுறையில் உள்ளபடி, விற்பதற்கு முன் துவக்கு வாங்கவும் வைத்திருக்கவும் தேவையான உங்கள் பிஏஎல் உரிமத்தைச் சரிபார்த்து நாங்கள் ஒரு குறிப்பு இலக்கம் பெற வேண்டும்.

குழல் வந்து சேரவே சில மாதங்கள் பிடிக்கலாம் என்பதால், அடுத்த நவம்பருக்குத் தேவையானவர்கள் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிடுங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியாகவும், ரவைகளை வேறு பெட்டியிலும், கடைசியாகச் சுட்ட இலக்குத் தாளையும் சுட்ட கோதுகள் சிலவற்றையும் கூடவே கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

பணிவன்புடன்,
பட்டறை உரிமையாளரும் பணியாளர்களும்