ஜோனா லோமுவைத் தாங்கியவர்களுக்கு ஓர் அக்காவின் நன்றி

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவில் வசிக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண். ரக்பி எனக்கு என் தம்பி மூலமாகத்தான் தெரியும். 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது நியூசிலாந்தின் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) அணியோடு ஜோனா லோமு என்ற வீரர் வந்தார். தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து நாள்கணக்கில் அவர் பேச்சாகவே இருந்தான். அந்த அணி ஃபிஜியை வென்று தங்கம் வாங்கியது. பல ஆண்டுகள் கழித்து அதே தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது, லோமுவின் கதையை நான் வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். அவரை உருவாக்கியவர்களுக்கும் காப்பாற்றியவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அவருடைய அம்மா ஹெப்பி அவர்களுக்கு. டோங்கா நாட்டிலிருந்து வந்த குடும்பம். சிறுவயதில் சில காலம் டோங்காவின் ஹாஅபாய் தீவுகளில் உறவினர் வீட்டில் வளர்ந்த பையன், அப்புறம் தெற்கு ஆக்லாந்தின் மாங்கரே பகுதிக்கு வந்து சேர்ந்தான். அடிதடிக் கும்பல்கள் நிறைந்த இடம். அந்த வன்முறையில் குடும்பத்திலேயே உயிரிழப்பு நேர்ந்தது. மகனும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்று அவனை வெஸ்லி கல்லூரி என்ற உறைவிடப் பள்ளிக்கு அனுப்பி வைத்தது அம்மாதான். பிள்ளையைப் பிரிந்து இருப்பது எந்தத் தாய்க்கும் லேசான காரியம் அல்ல. அந்தப் பள்ளியில் அவரைக் கண்டுகொண்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்த ஆசிரியர், பயிற்சியாளர் கிறிஸ் கிரின்டருக்கும் என் வணக்கம்.

அடுத்து, நியூசிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்த லாரி மெயின்ஸ் அவர்களுக்கு. 1994 ஜூன் 26 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்ஸுக்கு எதிராக லோமு களம் இறங்கியபோது வயது 19 ஆண்டு 45 நாள்தான். ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து தேசிய அணிக்காக டெஸ்டில், அதாவது சர்வதேச ஆட்டத்தில், அதற்கு முன் அவ்வளவு இளையவர் யாரும் ஆடியதில்லை. பள்ளியில் முன்வரிசை ஆட்டக்காரர்களோடு ஆடிப் பழகியவரை ஓரத்தில் விங்கராக நிறுத்தினார்கள். அந்தத் தொடரின் இரண்டு டெஸ்டிலும் நியூசிலாந்து தோற்றது. இடமும் போயிற்று. அத்தோடு அவரை மறந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பயிற்சியாளர் மெயின்ஸ் அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். செவன்ஸ் ஆட்டத்தில் அவரைப் பட்டை தீட்டிய கோர்டன் டீட்ஜன்ஸ், அண்ணன் போலக் கூடவே இருந்த சக வீரர் எரிக் ரஷ் ஆகியோருக்கும் இதில் பங்கு உண்டு.

1995 ஜூன் 18, கேப் டவுன், நியூலாண்ட்ஸ் மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. கிட்டத்தட்ட 1.96 மீட்டர் உயரமும் 120 கிலோ எடையும் கொண்ட ஒருவர், 100 மீட்டரை 11 வினாடிக்குள் ஓடக்கூடியவர், பந்தோடு வருகிறார். எதிரே இங்கிலாந்து வீரர் மைக் கேட். லோமு விலகிப் போகாமல் நேராக அவர் மேலேயே ஏறிப் போய் ட்ரை வைத்தார், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். அன்று மட்டும் நான்கு ட்ரை, 45-29 வெற்றி. இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா கூடுதல் நேரத்தில் 15-12 என்று வென்றது, லோமுவை ஒரு ட்ரைகூட வைக்க விடவில்லை. ஆனாலும் அந்த உலகக் கோப்பையை நினைத்தால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவர் ஓட்டம்தான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று தெரிந்துவிட்டது. சிறுநீரகம் புரதத்தைத் தக்கவைக்காமல் சிறுநீரில் கசியவிடும். உடம்பு வீங்கும், சோர்வு ஆளை அழுத்தும். தம்பியை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எனக்கு இது தெரியும்: சில நாள் அவனுக்கு மாடிப்படி ஏறவே முடியாது. லோமு அந்த நோயோடுதான் 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை வைத்தார். 63 டெஸ்ட், 37 ட்ரை. இந்தக் கணக்கில் பெரும்பகுதி நோய் வந்தபின் சேர்த்தது. அணி மருத்துவர் ஜான் மேயூ அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்போது இந்த மடலின் முக்கியமான ஆளுக்கு வருகிறேன். கிரான்ட் கெரேமா அவர்களே, உங்களுக்குத்தான்.

2003இல் லோமு டயாலிசிஸுக்குப் போனார். வாரம் மூன்று முறை. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆக்லாந்தில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் நீங்கள், வெலிங்டனில் வானொலி அறிவிப்பாளராக இருந்த ஒரு நண்பர். ரத்த சொந்தம் கிடையாது.

என் தம்பிக்கு நான் கொடுக்கிறேன் என்று சொன்னபோது வீட்டில் பெரிய போராட்டம். "உனக்கும் குடும்பம் இருக்கு, பிள்ளைங்க இருக்கு" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அம்மா எதுவும் பேச முடியாமல் அழுதார், இரண்டு பேரும் அவர் பெற்ற பிள்ளைகள் அல்லவா. அப்போது உங்களைப் பற்றி எல்லோரிடமும் சொன்னேன். நண்பனுக்காக ஒருவர் செய்திருக்கிறார், நான் கூடப் பிறந்தவள் என்றேன். அதற்குப் பின் யாரும் அவ்வளவாகத் தடுக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் விடாமல் வந்தது: அந்தச் சிறுநீரகம் கடைசிவரை நிலைக்கவில்லையே? உண்மைதான். 2011இல் அது செயலிழந்து லோமு மறுபடி டயாலிசிஸுக்குத் திரும்பினார். நாற்பது வயதில் மறைந்தும்விட்டார். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளைப் பாருங்கள். 2005 டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்காக மீண்டும் களம் இறங்கினார். பிரெய்லி, டைரியல் என்று இரண்டு மகன்கள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். ஏழு ஆண்டு என்பது கொடுப்பவருக்குச் சின்ன எண்ணாகத் தோன்றலாம், பெற்றவர் வீட்டில் கேட்டால் தெரியும். கெரேமா அவர்களே, நீங்கள் கொடுத்தது வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

எங்கள் வீட்டுப் பக்கமும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். தம்பியின் கையில் ஊசி குத்தும்போதெல்லாம் அவனோடு ரக்பி பேசிய டயாலிசிஸ் நிலையச் செவிலியர்கள். பரிசோதனைகளை எல்லாம் பொறுமையாக விளக்கி, கடைசி நிமிஷம் வரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைவூட்டிய ஒருங்கிணைப்பாளர். நான் படுத்திருந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா. பயத்தை வெளியே காட்டாமல் கையெழுத்துப் போட்ட என் கணவர். தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான், மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுகிறான். உங்கள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று நச்சரிக்கிறான். தீபாவளிக்கு அவசியம் வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஓர் அக்கா