மேடத்தின் அறைக்குப் போ, மக்களே

மக்களே, என் மகளே,

போனில் எதைக் கேட்டாலும் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. குலசேகரத்தில் ரெண்டு நாளாய் விடாத மழை, ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, உட்கார்ந்து எழுத முடிந்தது.

காலேஜில் முதல் இன்டர்னல் பரீட்சையில் கணக்கில் 50-க்கு 17 என்று அம்மையிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நீ எடுத்த மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான், கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ‘ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் படிச்சேன், அப்படியும் இப்படி ஆயிட்டு’ என்றாயாம். அதைத்தான் பேசணும்.

நீ உழைக்கிறாய், அதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் அது போதுமாக இருந்தது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், வாராவாரம் டெஸ்ட், ஒரு நாள் போகாவிட்டால் வீட்டுக்கு போன் போடும் டீச்சர் என்று பின்னால் நின்று தள்ள ஆள் இருந்தது. காலேஜில் வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்தவளுக்குப் புரிந்ததா என்பதை நீதான் பார்த்துக்கொள்ளணும்.

இங்கே புதிதாகப் பால் வெட்டப் பழகும் பையன்கள் கத்தியை அழுத்தி இழுத்தால் பால் கூட வரும் என்று நினைப்பார்கள். கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. பக்கத்து வரிசையிலேயே பழகின ஆள் நிற்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். வேர்க்க வேர்க்க வெட்டுவான்.

நீயும் அதைத்தான் செய்கிறாய். தமிழில் கணக்குப் படித்தவளுக்கு மேடம் ‘ஐகன் வேல்யூ’ என்று இங்கிலீஷில் வேகமாகச் சொன்னால் உடனே பிடிபடாது. அது உன் மூளையின் குறை இல்லை. ஆனால் பிடிபடாத கணக்கையே திரும்பத் திரும்ப நோட்டில் எழுதினால் விரல்தான் வலிக்கும். எந்த வரியில் குழம்புகிறதோ அதில் பென்சிலால் கோடு போட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போ. இங்கிலீஷ் வராவிட்டால் தமிழிலேயே கேள்.

கேட்டால் ‘செவன் பாயிண்ட் ஃபைவ் கோட்டா’ என்று சில பேர் சிரிப்பார்கள் என்கிறாய். சிரிக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது. இல்லையென்றால் என் வருமானத்தில் நீ கோயம்புத்தூர் போயிருக்க முடியுமா? அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? செமஸ்டர் கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நம் ஊரில் எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும் சரக்கல்விளை சிவன் சார் பெயரைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைக்க மாட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்தார், இஸ்ரோ தலைவரானார், கைதட்டு. எனக்குப் பிடித்தது வேறு. 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர் 2006-ல் பம்பாய் ஐஐடியில் டாக்டர் பட்டம் வாங்கினார். அத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறமும் இன்னொருவரிடம் மாணவனாகப் போய் நின்றிருக்கிறார். முதல் வருஷத்துப் பிள்ளை உனக்கு என்ன கூச்சம்?

இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் பரீட்சைக்கு 60 என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் இன்னும் நிறைய மார்க் உன் கையில்தான் இருக்கிறது. அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் அடுத்த செமஸ்டர் பாடங்களோடு அதையும் சேர்த்துச் சுமக்கணும்.

ராத்திரி பதினொன்றுக்குப் படுத்துவிடு. காலை வகுப்பில் தூங்கி விழுந்து, அதை ராத்திரி முழித்துச் சரிக்கட்டுவது கணக்குக்கு உதவாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் வரும் 1000 ரூபாயை வீட்டுக்கு அனுப்பாதே. போன மாசம் அனுப்பினாயே, அதை அம்மை அப்படியே வைத்திருக்கிறாள். பழைய கேள்வித்தாள் புத்தகம் வாங்கிக்கொள்.

அம்மை ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை மேடத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு, அம்மையை இல்லை. மேடம் திட்டினால் என்ன சொல்லித் திட்டினார் என்பதையும் சொல்லு. எட்டரைக்குள் கூப்பிடு, அதற்கு மேல் நான் தூங்கிவிடுவேன்.

அப்பா