‘மற்றவை’ வரிசையில் நின்ற ஆஸ்டின் செவனுக்காக ஒரு திறந்த மடல்

பழைய கார் கண்காட்சி அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று உங்களில் சிலருக்கு என்மேல் வருத்தம் எனக் கேள்விப்பட்டேன். நடந்தது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்கப்போவது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு சிறிய குடும்பக் கார்களுக்கென்று தனிப் பிரிவு வையுங்கள்.

என்னுடையது 1935ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் ரூபி. செவன் என்பது இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி செய்த சின்னக் குடும்பக் கார், ரூபி அதில் ஒரு மாடல். அப்பா விட்டுப்போன வண்டி. சமஸ்தானத்துக் கார்களையும் நீளமான அமெரிக்கக் கார்களையும் முன்வாசல் வழியாக நேரே பந்தலுக்குள் விட்டீர்கள். எங்களைப் பின்வாசல் வரிசைக்கு அனுப்பினீர்கள். ஒன்றே முக்கால் மணி நேரம், பத்தடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தோம். செவனின் கிளட்ச் எப்படிப்பட்டது என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மிதி மொத்தமாக இறங்குவதே ஒரு விரற்கடைதான். அது பிடிக்கும் இடத்தை அதற்குள் பாதத்தால் தேட வேண்டும், கொஞ்சம் தவறினாலும் வண்டி துள்ளி அணைந்துவிடும். தண்ணீர் பம்ப்பும் அதில் கிடையாது. எஞ்சினில் சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறி, தானாகக் கீழே இறங்க வேண்டும். ஓடுகிற வண்டிக்கு அது போதும். பங்குனி வெயிலில் நின்று நின்று ஊர்ந்தால் போதாது. மூடியிலிருந்து ஆவி சீறியது. கொதிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பேத்தி குடிக்கக் கொண்டுவந்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் அதில் ஊற்றினோம். அப்போது உங்கள் ஆள் ஒருவர் வந்து, “பெரியவரே, ஓரமா தள்ளிக்குங்க, பின்னாடி வண்டி நிக்குது” என்றார். அவர் சின்னப் பையன், அவரைக் குறை சொல்லவில்லை.

கடைசியில் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. வண்டிக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார்கள்: ‘ஆஸ்டின் 7. பிரிவு: மற்றவை.’

மற்றவையா? முதல் உலகப் போர் முடிந்த பிறகு பெரிய கார்கள் விலைபோகாமல், 1921இல் ஆஸ்டின் கம்பெனியே கடனில் மூழ்கி, நிர்வாகம் வேறு கைக்குப் போனது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு என்று வரி போட்டது. அந்த ஊர்ச் சம்பளக்காரனுக்கு அன்று கட்டுப்படியானது சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள்தான். அவன் மழையில் நனைந்துகொண்டே ஓட்டுவான், மனைவியும் பிள்ளையும் பக்கத்துக் கூண்டில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தை ஒரு முழுக் காரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஹெர்பர்ட் ஆஸ்டின் நினைத்தார். கம்பெனியின் இயக்குநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. லாங்பிரிட்ஜ் ஆலையில் வரைபடப் பிரிவிலிருந்த 18 வயதுப் பையன் ஸ்டான்லி எட்ஜைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். லிக்கி கிரேஞ்ச் என்ற அந்த வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் இந்த வண்டியை வரைந்தார்கள். இரண்டு சிலிண்டர் போதும் என்பது ஆஸ்டினின் எண்ணம். நான்கு சிலிண்டரே சரி என்று எட்ஜ் வாதாடினான். 1922இல் நான்கு சிலிண்டரோடுதான் வண்டி வெளியே வந்தது. அந்த வயதில், முதலாளியிடம், அவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும். அப்பா இதைச் சொல்லாமல் பானெட்டைத் திறக்கவே மாட்டார்.

பெரிய காரில் இருந்ததெல்லாம் இந்தச் சின்னக் காரிலும் இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய கார்கள் பலவற்றுக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், இதற்கு நான்கு சக்கரத்திலும் உண்டு. முதலில் வந்த வண்டிகளின் எடை 400 கிலோகூட இல்லை. 1939 வரை ஏறக்குறைய 2,90,000 வண்டிகள் செய்தார்கள். ஜெர்மனியில் ஐசனாக் நகரத்து டிக்ஸி ஆலை உரிமம் வாங்கி இதையே செய்தது. 1928இல் பி.எம்.டபிள்யூ அந்த ஆலையை வாங்கியபோது, அவர்களுடைய முதல் காராக அமைந்ததும் இதுதான். நீங்கள் மாலை போட்டு முன்வரிசையில் நிறுத்தினீர்களே ஜாகுவார், அந்தக் கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் லயன்ஸ் கார் உலகில் பெயர் வாங்கியது செவனின் அடிச்சட்டத்தின் மேல் அழகான உடல் கட்டித்தான். மகன் நன்றாக இருக்கட்டும். அப்பனை ஜெனரேட்டருக்குப் பின்னால் நிறுத்தலாமா?

ராஜா வைத்திருந்தால் பாரம்பரியம், வாத்தியார் வைத்திருந்தால் பழைய இரும்பு என்றுதான் இங்கே எல்லாமே நடக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பழைய ஃபியட்டும் எடைக்குப் போகின்றன. பிள்ளைகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு பழனிக்கும் ஊட்டிக்கும் போன வண்டிகள் அவை. தெருவுக்குத் தெரு நின்றவை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. கண்காட்சி நடத்துகிற நீங்களே அவற்றை ஒதுக்கினால், வீட்டில் வைத்திருப்பவன் எதை நம்பி வைத்திருப்பான்?

மன்னியுங்கள், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். நீங்கள் கைக்காசு போட்டு, ஞாயிறு பாராமல் உழைத்து நடத்துகிறீர்கள் என்பது தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் ‘மற்றவை’ என்பதை எடுத்துவிட்டு ‘சிறிய குடும்பக் கார்கள்’ என்று அச்சடியுங்கள். நிழலில் ஓர் இடம் கொடுங்கள், வரிசையில் நிற்கவைக்காமல் உள்ளே விடுங்கள். அப்புறம், பலகை எழுதும் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். அதில் ஹெர்பர்ட் ஆஸ்டின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டான்லி எட்ஜ் பெயரும் இருக்க வேண்டும். தனிப் பிரிவு வைப்பதாக ஒரு வரி எழுதிப் போடுங்கள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
1935 ரூபியின் சொந்தக்காரன்