சின்னதோ பெரிசோ

வெள்ளவத்தை
ஞாயிறு, இரவு

அடியேய் ரதி,

நீ வரேக்க எனக்கு வாங்கி வாற லப்டொப்பைப் பற்றி உன்ர மெசேஜ் வந்து இண்டையோட ஒன்பது நாள். "14 இஞ்சியோ 15.6ஓ, வெள்ளிக்குள்ள சொல்லு, இஞ்ச சேல் முடியப்போகுது" எண்டு ஒரே வரி. அந்த வெள்ளியும் போட்டுது, நீ ரெண்டு கேள்விக்குறி போட்டாய், அதையும் பாத்துப்போட்டுப் பேசாம இருந்திட்டன். நீலக் கோடு விழுந்ததைக் கண்டு ரொறன்ரோவில நீ பல்லைக் கடிச்ச சத்தம் இஞ்ச கேட்டது. ஒரு வரியில சொல்ல ஏலாமத்தான் இந்தக் கடிதம், அதையும் போனில ஒற்றை விரலால குத்திக்கொண்டிருக்கிறன், ஏனெண்டா என்ர பழைய லப்டொப், அந்த யானை, படுத்திட்டுது. பிணைச்சல் உடைஞ்சு மூடி தனிய ஆடுது, சோத்துப் பானையை முண்டு குடுத்துத்தான் நிமித்தி வைக்கிறன். சிரிக்காத.

உண்மையில முதல் நாளே எனக்குப் பதில் தெரியும் எண்டுதான் நினைச்சன். பெரிசுதான். இடப்பக்கம் சிங்களம், வலப்பக்கம் தமிழ் எண்டு ரெண்டையும் திறந்து வச்சுக்கொண்டு பதினைஞ்சு வருசமாச் சுற்றறிக்கை மொழிபெயர்க்கிறவளுக்கு அகலம்தானே சோறு போடுது. சின்னதெல்லாம் விமான நிலையத்தில காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு கோப்பி குடிக்கிற ஆக்களுக்கு எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். (உன்னைச் சொல்லேல்ல. சரி, உன்னையும்தான்.)

பிறகு ராஜகிரியவில ஒரு கூட்டம் முடிஞ்சு வந்து, கீழ்க்கடை அண்ணையிட்ட வெங்காயம் வாங்கேக்க பகிடிக்கு என்ர பேக்கைத் தூக்கித் தராசில வச்சன். லப்டொப், செங்கல்லு மாதிரி இருக்கிற அந்தச் சார்ஜர், ரெண்டு பைல், தண்ணிப்போத்தல், எல்லாமாச் சேத்து 4 கிலோ 150. அண்ணை கண்ணாடியை ஏத்திப்போட்டு "தங்கச்சி, கிலோ என்ன விலைக்குத் தாறீர்?" எண்டு கேட்டார். லப்டொப் தனிய 2 கிலோ 400, சார்ஜர் அரைக் கிலோவுக்குக் கிட்ட. இதைத்தான் நான் கோட்டை ட்ரெயினில ஒரு தோளில கொழுவிக்கொண்டு, மற்றக் கையால கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் தொங்கினனான். அந்தத் தோள் இப்ப தலை சீவவும் உயருதில்லை.

அடுத்த சனி மகனையும் இழுத்துக்கொண்டு யுனிட்டி பிளாசாவுக்குப் போனன். அவன் ஒவ்வொரு கடையிலயும் சிவப்பு லைட் எரியிற கேமிங் லப்டொப்புக்கு முன்னால கும்பிடாத குறையா நிக்கிறான், "அம்மாவின்ர கண்ணுக்குப் பெரிசுதான் நல்லது" எண்டு எனக்காகக் கதைக்கிறானாம். என்ன பாசம்! கடைப் பெடியன் ஒருத்தன் மட்டும் உருப்படியா ஒரு விசயம் சொன்னான்: "மிஸ், இஞ்சியை மட்டும் பாக்காதேங்கோ, உயரத்தைப் பாருங்கோ." விளங்கேல்ல. வீட்ட வந்து பால்மாக் கார்ட்டனைக் கிழிச்சு ரெண்டு ஸ்கிரீனையும் அளவுக்கு வெட்டினன். இஞ்சி எண்டுறது மூலைக்கு மூலை அளவு. பழைய மாதிரி 15.6 எண்டா 34.5 சென்ரிமீற்றர் அகலம், 19.4 உயரம். இப்ப வாற 14 கொஞ்சம் சதுரமா, அகலம் 16க்கு உயரம் 10 எண்ட கணக்கில வருதெல்லோ, அது 30 அகலம், உயரமோ 18.8. ரெண்டு மட்டையையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுப் பாத்தன், உயரத்தில அரைச் சென்ரிமீற்றர்தான் வித்தியாசமடி! அதுவும் மேலிருந்து கீழ சின்னதில 1200 புள்ளி வரி, பெரிசில 1080, அப்ப பக்கத்தில ஒரு பந்தி கூடவே தெரியும். இவ்வளவு நாளும் நான் சுமந்தது பக்கவாட்டில இருக்கிற நாலரைச் சென்ரிமீற்றரையும், ஒருநாளும் தொடாத அந்த நம்பர் கீயளையும். அந்த நம்பர் கீயாலதான் எழுத்துக் கீ முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கிடக்கு, நான் பதினைஞ்சு வருசமாக் கோணலா இருந்து ரைப் பண்ணியிருக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்ல.

சும்மா சொல்லக்கூடாது, சின்னதில எழுத்து எட்டில ஒரு பங்கு சின்னனாத்தான் தெரியும். என்ர வாசிக்கிற கண்ணாடி பவர் ரெண்டாப் போச்சுது, பஞ்சாங்கம் எண்டு நாங்கள் பட்டம் வச்ச அந்த மனிசி அந்தக் காலம் மூக்கு நுனியில போட்டுக்கொண்டு திரிஞ்சாவே, அதே பவர். ஆனா வீட்டில ஒரு 24 இஞ்சி மொனிட்டர் பழசா வாங்கிக் கொழுவினா அந்தப் பிரச்சினை தீந்துது. மேசைதான் இல்லை. அம்மாவின்ர தையல் மெஷினுக்கு மேல வைக்கலாம் எண்டு பாக்கிறன், அவ இனித் தைக்கப்போறதில்லை.

இதைத்தான் எழுத வந்தனான் ரதி. அம்மா வைகாசியில குளியலறையில விழுந்திட்டா, இடுப்பெலும்பு. பதினொரு நாள் ஹொஸ்பிட்டல். உனக்குச் சொல்லேல்ல, சொன்னா நீ அடுத்த பிளைற்றில நிப்பாய், லீவும் காசும் உனக்கு மரத்திலயா காய்க்குது. அந்தப் பதினொரு நாளும் கைபிடி வச்ச ஒரு பிளாஸ்ரிக் கதிரையில இருந்துதான் வேலை செய்தனான். யானை அந்தக் கதிரைக்குள்ள இறங்காது, ஒரு மூலை என்ர தொடையில, மற்ற மூலை கட்டில் கம்பியில. ஆறாம் நாள் இரவு நேர்ஸ் பிள்ளை ட்ரிப் மாத்த வர நான் அவசரத்தில எழும்பினன், மூடி கம்பிக்குள்ள மாட்டி 'டிக்' எண்டுது. பக்கத்துக் கட்டில் ஆச்சி "ஐயோ மற்ற எலும்பும் போச்சுது" எண்டு குளற, அம்மா மருந்து மயக்கத்திலயும் சிரிச்சா. விழுந்து அந்த ஆறு நாளிலயும் அவ சிரிச்சது அப்பதான். நான் போய் டொய்லற்றுக்குள்ள நிண்டு அழுதன்.

இப்ப வீட்ட வந்திட்டா, வோக்கரைப் பிடிச்சு நாலு எட்டு வைக்கிறா. இரவில என்ர இடக்கை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறா, கழட்டினா முழிச்சிடுவா. அந்தக் கட்டில் விளிம்பில, எனக்கு மிச்சமா இருக்கிற அந்த ஒரு சாண் இடத்திலதான் இனி என்ர ஒபிஸ். அதுக்குள்ள எது கொள்ளும் எண்டு மட்டையை வச்சுப் பாத்தன், 14தான் கொள்ளுது.

ஆனபடியா, சின்னது. ஒன்றரைக் கிலோவுக்குள்ள. ரேம் 16 ஜிபிக்குக் குறையாமப் பார், மெல்லிசானதுகளில அது போர்டோடயே ஒட்டி வருமாம், பிறகு கூட்ட ஏலாதாம். டைப்-சி சார்ஜர் எண்டா நல்லம், கரண்ட் இல்லாட்டிப் பெரிய பவர் பாங்கிலயும் கொழுவலாம், 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்ததை நான் இன்னும் மறக்கேல்ல, யானை நாப்பது நிமிசத்தில சாகும். அந்த வருசம் மாத்துவம் மாத்துவம் எண்டு நிண்டு, மார்ச் தொடக்கத்தில 200 ரூபா நிண்ட டொலர் மே மாசம் 360ஐத் தாண்ட, யானையோடயே இருந்திட்டன். இந்த முறை பிந்த ஏலாது பார், பதினேழு நாள்தானே இருக்கு நீ வர.

முக்கியம்: உங்கட ஊரில பிரெஞ்சு எழுத்துப் போட்ட கீபோர்டும் விக்கிறாங்கள், என்டர் கீ கொக்கி மாதிரி வளைஞ்சு, இடப்பக்க ஷிப்ட் கட்டையா இருக்கும், பாத்து எடு. சார்ஜரில 100–240 வோல்ட் எண்டு இருந்தாச் சரி, பிளக்கை நான் இஞ்ச மாத்துவன். சூட்கேசுக்குள்ள போடாத, கையில கொண்டு வா. காசை இந்த முறையாவது வாங்கோணும், போன முறை மாதிரி என்ர மகன்ர பொக்கற்றுக்குள்ள திருப்பி வச்சிட்டுப் போனியெண்டா கதைக்க மாட்டன்.

ரதி வாறாள் எண்டு அம்மாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு "ஆர், அந்த மாங்காய்க் கள்ளியோ, அவளுக்குப் புட்டு அவிச்சு வை" எண்டா. இப்பவே அவிக்கச் சொல்லி நிக்கிறா, மணி பதினொண்டரை.

உன்ர
சுபா